படலையில் நின்ற சொல்

இரண்டாயிரமாம் ஆண்டு ஆனி மாதம் தொட்டு, முத்தையன்கட்டில் விமலேஸ்வரியின் வீட்டு வாசற் படலையடியில், நாள்தோறும் காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, "குஞ்சு, அப்பா போட்டு வாறன்" என்று விடைபெறும் அவளுடைய கணவன் பரமேஸ்வரனின் குரல் கேட்டுவந்தது. ஆள் இல்லை. நாற்பது நாட் குழந்தைக்குப் பால்மா வாங்கச் சைக்கிளில் போனவன் மீளவில்லை. சொல் மட்டும் படலையில் நின்றுவிட்டது. பிள்ளையார் கோவில் ஐயர் காலைப் பூசை மணியை அக்குரலோடு ஒத்து அடிப்பித்தார். அயலார் அது கேட்ட பின்னரே உலையேற்றினர். விமலேஸ்வரியோ அச்சொல்லைத் தன் நாவிலிருந்து நீக்கிவிட்டாள். கிணற்றடிக்கும் கடைக்கும் வாய் திறவாமலே போய்வந்தாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு மார்கழியில், தையில் முன்பள்ளி சேரவிருந்த பிள்ளைகளின் வீடுதோறும் ஆசிரியை கமலாசனி சென்றார். தன் பெயர் சொல்லவும், கை கழுவவும், செருப்பைக் கால் மாறாமல் போடவும் பிள்ளையைப் பழக்குமாறு கூறினார். விமலேஸ்வரியின் மகள் தர்மிளா இவை யாவும் செய்து காட்டினாள்.

"பிள்ளையை விட்டிட்டு ஒளிச்சு ஓடக்கூடாது, விமலா. போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிடவேணும்."

"அதை மட்டும் கேளாதேங்கோ, ரீச்சர்."

தாயின் சட்டை நுனியைப் பற்றியிருந்த தர்மிளா காரணம் உரைத்தாள்: "அப்பிடிச் சொன்னா வரமாட்டினம்."

கமலாசனி படலையை ஒருமுறை நோக்கினார். "அப்ப, சொல்லிப்போட்டு வந்து காட்டுவம். கோழிக்கூட்டுக்குப் போறதில இருந்து தொடங்குங்கோ."

ஐந்து நாள் விமலேஸ்வரியின் வாய் திறந்தது, சொல் வரவில்லை. ஆறாம் நாள் கூட்டை நோக்கி நின்று சொன்னாள். "கோழிக்கோ சொல்லுறியள்? பிள்ளையைப் பாத்துச் சொல்லுங்கோ" என்று கமலாசனி அதட்டவே, திரும்பிச் சொன்னாள். குழந்தையின் அலறல் குளக்கட்டுவரை எட்டியது; தாய் முட்டையோடு மீண்டதும் அடங்கியது. அடுத்துக் கிணற்றடி, பின்னர் கடை, பின்னர் குளக்கட்டு. மீளுந்தோறும் தர்மிளா தாயின் முகத்தைத் தடவிப் பார்த்தே ஏற்றுக்கொண்டாள்.

முன்பள்ளி தொடங்கிய நாளன்று, புதுச் செருப்பும் தண்ணீர்ப் போத்தலுமாகத் தர்மிளா படலையில் நின்றாள். குரல் வந்தது. அதுவரை எவரும் அதற்கு மறுமொழி சொன்னதில்லை.

"ஓம் அப்பா, போட்டு வாங்கோ. நானும் போட்டு வாறன்" என்றாள் குழந்தை.

அன்று கோவில் மணி பிந்தி அடித்தது.

நண்பகலில் தாயும் மகளும் மீண்டபோது படலையில் ஒரு பை தொங்கியது. தை மாதத்து ஈரத்தில், ஆனி மாதத்துப் புழுதி அதன்மேல் படிந்திருந்தது. உள்ளே கைக்குழந்தைக்குரிய பால்மாத் தகரப்பேணி. சேற்றில் சைக்கிள் வந்த தடம் இருந்தது. திரும்பிய தடம் இல்லை.

"எனக்குப் பல்லெல்லாம் முளைச்சிட்டுது எண்டு அப்பாக்குத் தெரியாதோ?"

"நாளைக்குச் சொல்லுவம்" என்றாள் விமலேஸ்வரி. மா கெடவில்லை. அதில் தேநீர் ஊற்றிக் கமலாசனிக்கும் கொடுத்தாள்.

ஐந்தாண்டுகள், காலையில் குரலும் நண்பகலில் சைக்கிள் மணியும் தவறாது கேட்டன. பின்னர் போர் நெருங்க ஊர் முழுதும் இடம்பெயர்ந்தது. படலை, வீடு, சட்டி, பானை யாவும் பின்னே விடப்பட்டன. இரண்டாயிரத்து ஒன்பது ஆனியில், வவுனியா முகாமில், படலையில்லாக் கூடார வாசலில் பரமேஸ்வரனின் குரல் ஏழு பத்துக்கே வந்தது. எவரும் வியக்கவில்லை. அவ்வாண்டு அம்முகாமில் அப்படியொரு குரல் நில்லாத கூடாரம் அரிது. சிறுவர்களுக்கு மறுமொழி சொல்லப் பழக்குவதற்காகக் கமலாசனி காலைதோறும் கூடாரம் கூடாரமாகச் சென்றார்.