மக்கும் தொட்டி

சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்து தொலைத்தாள் நூபியா. தலைநகர் பொகோட்டாவிலிருந்து வருகிற பெரிய மனிதர்கள் யாரும் அப்படி வருவதில்லை. ஊர் அந்தத் தைரியத்தில்தான் காலை வேலைகளை வைத்துக்கொண்டிருந்தது. படம் பிடிக்கும் ஆட்கள் வருவதற்குள் தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம் என்று அவள் வண்டியைப் பாதையோரம் நிறுத்திவிட்டு மேட்டில் ஏறினாள். மேலே எவ்தோசியாவும் இன்னும் சில பெண்களும் செடிகளின் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவசர அவசரமாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இவளைப் பார்த்ததும் ஒருத்தி தன் கம்பளிப் போர்வையைக் கழற்றி ஒரு பக்கெட்டின் மேல் போட்டு மூடினாள்.

அந்த ஊரில் நூபியாவைத் தெரியாதவர்கள் கிடையாது. பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பேராசிரியை, ஊர்க்காரர்கள் வாயில் மரியாதையாக ‘டாக்டோரா’. காப்பித் தொலியையும் மக்காச்சோளத்திலிருந்து எடுத்த பிசினையும் சேர்த்து அழுத்தி நாற்றுத் தொட்டி செய்தவள். கறுப்பு பிளாஸ்டிக் பையைக் கிழித்து எறிகிற வேலையே வேண்டாம், தொட்டியோடு நட்டுவிட்டால் போதும், அது மக்கி மண்ணோடு மண்ணாகிவிடும். கழிவு பொருளாகும், பொருள் மண்ணாகும், மண்ணில் மறுபடியும் காப்பி விளையும். இதை அவள் வட்டமாக அம்புக்குறி போட்டுக் காட்டாத மாநாடு பாக்கியில்லை. ஒரு கம்பெனி அதைத் தயாரிக்க எடுத்துக்கொண்டது. இன்றைக்கு எடுக்கும் விளம்பரப் படத்தோடு தொட்டி நாடு முழுக்க விற்பனைக்குப் போகிறது. இந்த ஊர்ப் பெண்கள் சங்கம்தான் முதன்முதலில் அதில் உச்சுவாச் செடி வைத்தது. காய்ந்த உறைக்குள் மஞ்சளாகப் பழுக்கும் பழம் அது.

“பக்கெட்டுல என்ன, எவ்தோசியாம்மா?”

“ஒண்ணுமில்லீங்க டாக்டோரா. கல்லு.”

எவ்தோசியா ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவள். பொய் சொல்லிப் பழக்கமில்லை, கழுத்துவரை சிவந்துவிட்டாள். நூபியா போர்வையைத் தூக்கினாள். பக்கெட் நிறையத் தொட்டித் துண்டுகள். விளிம்புகூட மழுங்கவில்லை. ஒரு துண்டில் கம்பெனி முத்திரை அச்சுக் குலையாமல் இருந்தது. ஒரு கழுவு கழுவி ஒட்டினால் மறுபடி கடையில் வைத்து விற்கலாம்.

“மன்னிச்சுக்கங்க டாக்டோரா,” என்றாள் எவ்தோசியா. “நாங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டோம். எங்க மண்ணுதான் சரியில்ல. சோம்பேறி மண்ணு. கோழி எரு போட்டோம், சுடுதண்ணிகூட ஊத்திப் பாத்தோம். அசைய மாட்டேங்குது.”

“ஃபாதரக் கூட்டியாந்து தீர்த்தம் தெளிச்சோம்,” என்றாள் பக்கத்தில் இருந்த எல்வீனியா. “அதுல எவ்தோசியாக்காவோட இருமல் போச்சு. தொட்டி போகல.”

“சும்மா இருடி!” என்று அவளை அதட்டிவிட்டு எவ்தோசியா குரலைத் தாழ்த்தினாள். “வேரு வெளிய வர வழியில்லாம உள்ளயே சுத்திக்கிச்சுங்க. செடியெல்லாம் மஞ்சளாயிருச்சு. படத்துல அது தெரியக்கூடாதுன்னு முன்வரிசையில மட்டும் வேற தோட்டத்துச் செடியப் புடுங்கி நட்டிருக்கோம். யாருகிட்டயும் மூச்சு விட மாட்டோம். எங்க மண்ணால உங்களுக்கு ஒரு கெட்ட பேரு வரக்கூடாது பாருங்க.”

நூபியாவுக்குக் காது மடல் எரிந்தது. தொட்டி மக்கியது உண்மைதான். ஆய்வகத்தில், ஐம்பத்தெட்டு டிகிரி சூட்டுப் பெட்டிக்குள், விதிமுறை என்ன சொல்கிறதோ அதன்படி மக்கியது. நகரத்துப் பெரிய உரக்கிடங்குகளில் அந்தச் சூடு இருக்கும். இந்த மலையிலோ நடுப்பகலில்கூட விரல் விறைக்கும். ‘உரக்கிடங்குச் சூட்டில் மக்கும்’ என்றுதான் அவளும் எழுதிக்கொடுத்தாள். கம்பெனி எஞ்சினியர் ஃபாபியான் போன் செய்து, “டாக்டோரா, லேபிள்ல இடம் பத்தல. ‘உரக்கிடங்குச் சூட்டில்’ங்கறத எடுத்துரலாமா? விவசாயிக்கு அதெல்லாம் எதுக்கு?” என்று கேட்டான். அவள் அப்போது விமான நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். “சரி, எடுத்துக்கங்க,” என்றாள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் அவளை மிரட்டவில்லை, ஏமாற்றவுமில்லை. தெரிந்திருந்தும் சரி என்றாள். இப்போது நாலு பெண்கள் முட்டிவரை சேறாக நின்றுகொண்டு அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள்.

வாயைத் திறப்பதற்குள் கீழே வண்டிகள் வந்து நின்றன. ஃபாபியான் ஊர்க்காரன் மாதிரி தெரியவேண்டும் என்று கம்பளிப் போர்வை ஒன்று வாங்கிப் போர்த்தியிருந்தான். கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. எவ்தோசியாவை முன்வரிசைச் செடிகளுக்கு நடுவில் நிறுத்தி, “இயல்பாப் பேசுங்கம்மா. தொட்டி என்ன ஆச்சு? அத மட்டும் சொல்லுங்க,” என்றான்.

எவ்தோசியா சிலுவை போட்டுக்கொண்டாள். நூபியாவை ஒருமுறை பார்த்தாள். கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பிள்ளைக்குச் சொல்வது போல இருந்தது அந்தப் பார்வை.

“அது மண்ணாப் போச்சுங்க.”

நூபியா பேசாமல் நின்றாள். தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. பத்து வருட உழைப்பு, தன் பெயர், தன்னை நம்பி ஆய்வுக்கு வந்திருக்கும் மாணவர்கள் என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓடியது. எல்லாமே நல்ல காரணங்கள்தான்.

“பிரமாதம்!” என்றான் ஃபாபியான். “இன்னொரு தடவ சொல்லுங்க. இப்ப சிரிச்சுக்கிட்டே.”

எவ்தோசியா சிரித்தாள். பல்லைக் காட்டத் தெரியாத சிரிப்பு. அதைத்தான் நூபியாவால் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று போய்ப் பக்கெட்டைத் தூக்கி வந்து கேமரா முன்னால் கவிழ்த்தாள்.

“மண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல. இந்தத் தொட்டி இங்க மக்காது. சூடு இல்லாத எந்த மண்ணுலயும் மக்காது.”

“கேமராவ நிறுத்துப்பா!” ஃபாபியான் ஓடிவந்தான். “டாக்டோரா, மலையேறி வந்ததுல தலை சுத்துதா? கொஞ்சம் வெல்லத் தண்ணி குடிங்க.”

“இத விக்காதீங்க ஃபாபியான். வித்தா, இதையே நான் பத்திரிகைக்காரங்க முன்னாடி கொட்டுவேன்.”

“லேபிளுக்கு நீங்கதானே சரின்னீங்க?”

“ஆமா. நான்தான் சரின்னேன்.”

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். ஃபாபியான் யாருக்கோ போன் போட்டுக் கத்திக்கொண்டே கீழே இறங்கிப் போனான். பெண்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

“எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?” என்று கேட்டாள் எவ்தோசியா. டாக்டோரா என்ற சொல் அதில் இல்லை.

“நீங்க நடறதுக்கு முன்னாடியே.”

திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எவ்தோசியா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“எங்க சங்கத்துல லிஹியான்னு ஒருத்தி இருந்தா,” என்றாள். “உங்களுக்கு ஞாபகம் இருக்காது. கீழ பாதையோரத்துல இருக்கே, அந்தச் சரிவுதான் அவளோடது. செடி மஞ்சளானதும் மண்ணு செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டா. நாங்களும் ஆமான்னுதான் சொன்னோம். செங்கல் சூளைக்காரனுக்கு மேல்மண்ண வெட்டிக் குடுத்துட்டு, பொகோட்டாவுல வீட்டு வேலைக்குப் போயிட்டா.”

நூபியா திரும்பிப் பார்த்தாள். சரிவு மஞ்சள் பாறையாகக் கிடந்தது. அது குவாரி என்று நினைத்துக்கொண்டுதான் அவள் காலையில் அதன் ஓரமாக வண்டியை நிறுத்தியிருந்தாள்.

எவ்தோசியா கம்பளிப் போர்வைக்குள் கைவிட்டுப் போனை எடுத்தாள். எண்ணைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, நூபியாவிடம் நீட்டினாள்.

“எங்களால சொல்ல முடியாது. நீங்களே சொல்லுங்க.”

மணி அடித்தது. யாரோ பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல், “அக்கா! படம் எடுத்தாச்சா?” என்றது.

“லிஹியா, நான் நூபியா புலிடோ பேசறேன்.”

“ஐயோ, டாக்டோராவா!” குழாயை மூடும் சத்தம் கேட்டது. “மன்னிச்சுக்கங்க டாக்டோரா, இன்னிக்கி லீவு குடுக்கல, இல்லேன்னா வந்திருப்பேன். உங்க தொட்டியெல்லாம் என் மண்ணு வீணாக்கிருச்சு. அந்த வெக்கத்துலதான் உங்களுக்குப் போன்கூடப் பண்ணல. ஆனா மண்ண நான் சும்மா விடலீங்க. செங்கலாவாவது ஆகட்டும்னு சூளைக்குக் குடுத்துட்டேன். அன்னிக்கிக் கூட்டத்துல நீங்கதானே சொன்னீங்க, எதுவும் வீணாப் போகக்கூடாதுன்னு? நான் செஞ்சது சரிதானே, டாக்டோரா?”

பெண்கள் எல்லோரும் நூபியாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.