கடைசி ஊஞ்சலின் நட்டு

புதன்கிழமை காலையில் மஞ்சள் கோடு மறுபடியும் உடைந்திருந்தது.

கோடு என்றால் பெயின்ட்டால் இழுத்த சின்னக் கோடுதான். ஊஞ்சலின் ஒவ்வொரு சங்கிலியும் மேலே உள்ள இரும்புக் குழாயில் ஒரு கிளாம்ப்பிலிருந்து தொங்குகிறது. அந்தக் கிளாம்ப்பைக் குழாயோடு இறுக்கிப் பிடித்திருப்பது ஒரு போல்ட்டும் ஒரு நட்டும். நட்டை முழுக்க முடுக்கிய பிறகு, நட்டின் மேலும் அதை ஒட்டிய தகட்டின் மேலுமாகச் சேர்த்து ஒரே கோடாக இழுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு தினமும் ஏணி போட்டு ஏறத் தேவையில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. நட்டு சுற்றியிருந்தால் கோட்டின் ஒரு பாதி அதோடு போயிருக்கும்.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவள் பூங்காவின் மேலாளர்தான். முதல் மாதம் அதை எல்லோருக்கும் கூப்பிட்டுக் காட்டினாள். இப்போது யாருக்கும் காட்டுவதில்லை.

நான்கு ஊஞ்சல், எட்டு கிளாம்ப், எட்டு நட்டு. ஏழு நட்டுகளில் கோடு இழுத்த நாள் போலவே இருந்தது. புல்தரைப் பக்கக் கோடியில், ஊஞ்சலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் காலை ஒட்டித் தொங்கும் கடைசி ஊஞ்சலில், ஒரே ஒரு நட்டு மட்டும் கழன்றுகொண்டிருந்தது. அதுவும் எல்லா நாளும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் நேராக இருக்கும் கோடு புதன் காலையில் உடைந்திருக்கும். வியாழன் காலையில் நேராக இருப்பது வெள்ளி காலையில் உடைந்திருக்கும். சனி, ஞாயிறில் பிள்ளைகள் வரிசையில் நின்று, சண்டை போட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் இருட்டும்வரை ஆடுவார்கள். அந்த இரண்டு நாளும் கோடு இம்மி நகராது.

ஆடும்போது கழலாத நட்டு, ஆள் குறைந்த நாளில் ஏன் கழல்கிறது? இதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

"தானா கழலாது மேடம்," என்றார் ஃபிட்டர், ஏணியின் உச்சியில் நின்றபடி. பூங்காவில் எல்லோரும் அவரை ஸ்பானர் என்றே கூப்பிடுவார்கள். "கை வைக்காம நட்டு எப்படிச் சுத்தும்? எவனோ வேலய காட்டுறான்."

"யாருண்ணே இத செய்யப்போறாங்க? ஒரு நட்ட எடுத்துட்டுப் போயி என்ன பண்ணுவாங்க?"

"எடுத்துட்டுப் போகலையே. லூசுதான பண்றான். அதான் எனக்குப் பயமா இருக்கு."

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. திருடனைப் புரிந்துகொள்ள முடியும். குழந்தைகள் உட்காரும் ஊஞ்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவனை எப்படிப் புரிந்துகொள்வது?

அலுவலக அறைக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள். முதலில் கால் சுற்று. பிறகு அரைச் சுற்று. இன்று காலை முழுச் சுற்று. நட்டு போல்ட்டில் கவ்வியிருப்பது ஐந்து மரை, அதாவது ஐந்து திருகுச் சுற்று. ஐந்து சுற்று சுற்றினால் நட்டு கீழே விழும், கிளாம்ப் வாயைப் பிளக்கும், ஒரு பக்கச் சங்கிலி அறுந்ததுபோல் வந்துவிடும். அப்போது அதில் ஒரு பிள்ளை உச்சத்தில் இருந்தால்? அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

மேஜையில் ஆய்வுப் பதிவேடு திறந்திருந்தது. தினமும் காலை ஒன்பதரைக்குள் ஒவ்வொரு விளையாட்டுச் சாதனத்துக்கும் எதிரே 'பாதுகாப்பானது' என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். மூன்று வாரமாக, நட்டை முடுக்கிவிட்டு, அவள் அப்படியே எழுதிக்கொண்டிருந்தாள்.

ஊஞ்சலைப் பூட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். பூட்டுவது அவ்வளவு எளிதல்ல. பூங்காத் துறையில் ஒரு விதி உண்டு. பத்து நாளுக்கு மேல் மூடிக்கிடக்கும் சாதனம் தானாகவே அகற்றும் பட்டியலில் ஏறிவிடும். போன வருடம் சறுக்குமரம் அப்படித்தான் போனது. இன்னொன்றும் போனால் இது குழந்தைகள் பூங்கா என்ற வகையிலேயே இருக்காது, வருடாந்திர மானியமும் வராது. ஏற்கெனவே மானியம் பாதியாகிவிட்டது. மீதியை அந்தந்தப் பூங்காவே சம்பாதித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் உள்அரங்கை ஒரு டியூஷன் சென்டருக்கு வாடகைக்கு விட்டாள். அரங்கில் நடந்த பெண்கள் உடற்பயிற்சி வகுப்பைப் புல்தரைக்கு மாற்றினாள். வாடகையும் வந்தது, வகுப்புக் கட்டணமும் நிற்கவில்லை. தோட்டக்காரருக்கும் ஸ்பானருக்கும் சம்பளம் போவதே இந்த இரண்டிலிருந்துதான்.

காரணம் தெரியாமல் மூடினால் பத்து நாளில் திறக்க முடியாது. காரணம் தெரியவேண்டுமென்றால் திறந்து வைத்திருக்கவேண்டும். இந்தச் சிக்கலை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

செய்தது ஒன்றுதான். அவளுடைய ஏழு வயது மகள் பள்ளி விட்டதும் நேராகப் பூங்காவுக்கு வருவாள், ஐந்து மணிக்கு இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள். அந்த ஒரு மணி நேரமும் கடைசி ஊஞ்சல் மகளுக்குத்தான். மூன்று வாரமாக அது கிடையாது.

"அதுல மட்டும் ஏறாத. சொல்லிட்டேன்."

"அவங்கெல்லாம் ஏறுறாங்க. நான் மட்டும் ஏம்மா கூடாது?"

"கூடாதுன்னா கூடாது."

மகள் மணலைக் காலால் எற்றிவிட்டு முதல் ஊஞ்சலுக்குப் போனாள். கடைசி ஊஞ்சலில் யார் வீட்டுப் பிள்ளையோ ஏறி உட்கார்ந்தது. அந்தப் பிள்ளை இறங்கும்வரை அவள் அந்த நட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டு மற்ற பிள்ளைகளை வேடிக்கை பார்க்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

புதன்கிழமையே ஸ்பானர் நட்டை முடுக்கிப் புதுக்கோடு இழுத்திருந்தார். வியாழக்கிழமை மதியம் அந்த ஊஞ்சலின் இருக்கையை மேல்குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் விட்டார். மூடியது என்று பதிவேட்டில் எழுதவில்லை, யாரும் ஏறவும் முடியாது. ஐந்து மணிக்குக் கணவர் வந்து மகளைக் கூட்டிப்போனார். அவளும் ஸ்பானரும் பம்ப் அறைக்குள் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். மோட்டாரின் சூடு இன்னும் அடங்கவில்லை.

"ஆள் வந்தா நான் பிடிக்கிறேன், நீங்க கத்துங்க," என்றார் ஸ்பானர்.

"எனக்கு வாயே வராதுண்ணே. நீங்களே கத்திக்கிட்டே பிடிங்க."

அவர் பையிலிருந்து பெரிய ஸ்பானரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஐந்தரைக்கு வகுப்புப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தது அவளுடைய நாத்தனார், ஐந்து வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு.

"மேடம், உங்க நாத்தனார்தான் மொதல்ல வர்றாங்க. சந்தேக லிஸ்ட்ல போட்டுக்கவா?"

"போட்டுக்குங்க. என் லிஸ்ட்ல ஆறு வருஷமா இருக்கா."

ஸ்பானர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இருவருக்கும் கொஞ்சம் உயிர் வந்தது.

பயிற்சியாளர் பெண் விசில் ஊதினார். பதினெட்டு பேர். கொஞ்ச நேரம் குனிந்து நிமிர்ந்தார்கள். பிறகு பயிற்சியாளர் ஒரு பையிலிருந்து நீல நிற ரப்பர் பட்டைகளை எடுத்தார். அகலமான, தடித்த பட்டைகள். ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனையைப் பிடித்து இழுத்தால் தோளுக்கும் முதுகுக்கும் பயிற்சி. அரங்கில் அதற்கென்று சுவரில் வளையம் இருந்தது. புல்தரையில் வளையம் ஏது? பயிற்சியாளர் சுற்றிலும் பார்க்கவில்லை, யோசிக்கவும் இல்லை. இரண்டு மாதமாகச் செய்வதைப்போல நேராகப் போய் ஊஞ்சல் சட்டத்தின் காலில், தோள் உயரத்தில், ஆறு பட்டைகளையும் கட்டினார்.

"இழு... விடு. இழு... விடு."

ஆறு பெண்கள் ஒரே தாளத்தில் பக்கவாட்டில் இழுத்தார்கள். சட்டம் அசைந்ததாகவே தெரியவில்லை. ஆனால் காலியாகத் தொங்கிய மூன்று ஊஞ்சல்களின் சங்கிலியும் ஒவ்வொரு இழுப்புக்கும் சிலிர்த்தது.

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

பிள்ளைகள் ஆடும்போது ஊஞ்சல் முன்னும் பின்னும் போகிறது. அதைத் தாங்குவதற்கென்றே கிளாம்ப்புக்கு அடியில் ஒரு பேரிங் உண்டு. ஆட்டம் முழுவதும் அதற்குள்ளேயே சுழன்று தீர்ந்துவிடும், நட்டுவரை ஏறாது. சனி, ஞாயிறு எத்தனை பேர் ஆடினாலும் கோடு உடையாதது அதனால்தான். பக்கவாட்டில் இழுத்தால் கதை வேறு. குழாய் மயிரிழை நகர்கிறது. அதைக் கவ்விய கிளாம்ப் அதன்மேல் மயிரிழை வழுக்குகிறது. வழுக்கும் அந்தக் கணத்தில் நட்டுக்குப் பிடிமானம் இல்லை, ஒரு துளி பின்னால் சுற்றிக்கொள்கிறது. அடுத்த இழுப்பில் இன்னொரு துளி. ஆறு பேர், மூன்று அணி, அணிக்கு அறுபது இழுப்பு, ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும். பட்டை கட்டிய காலுக்கு மிக அருகில் இருப்பது கடைசி ஊஞ்சல்.

"அண்ணே, யாரும் கழட்டல. இவங்கதான். இவங்களுக்கே தெரியாது."

ஸ்பானர் ஜன்னல் வழியே கையை நீட்டினார். "மேடம், அங்க பாருங்க."

மூன்றாவது அணி இழுத்து முடித்திருந்தது. நாத்தனாரின் மகள் மேலே சுற்றிக்கிடந்த இருக்கையைக் காட்டி அழுதுகொண்டிருந்தாள். உயரமான பெண் ஒருத்தி எம்பி, இருக்கையைத் தட்டி, சுற்றைப் பிரித்து இறக்கிவிட்டாள். நாத்தனார் குழந்தையைத் தூக்கி உட்காரவைத்து, முதுகில் கைவைத்து ஒரு தள்ளு தள்ளினாள்.

அவள் ஓடினாள். வாய் வராது என்று சொன்னவளின் குரல் பூங்கா முழுவதும் கேட்டது. "இறக்கு! பிள்ளைய இறக்கு! தள்ளாத!"

யாருக்கும் விளங்கவில்லை. நாத்தனார் திரும்பி, "என்ன அண்ணி?" என்று கேட்டுக்கொண்டே பழக்கத்தில் இன்னொரு தள்ளு தள்ளினாள். குழந்தை உயரப் போனது. மேலே கிளாம்ப் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டது. இருக்கை திரும்பி வரும்போது அவள் குறுக்கே பாய்ந்து குழந்தையை இடுப்போடு அள்ளினாள். இருவரும் மணலில் விழுந்தார்கள். இருக்கை அவள் தோளில் இடித்துவிட்டு, கோணலாகத் தொங்கியது.

குழந்தை வீறிட்டது. அடி ஒன்றும் இல்லை, பயம்தான். அவள் மணலில் உட்கார்ந்தபடியே குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்தாள்.

ஸ்பானர் ஏணியில் ஏறி நட்டைத் தொட்டார். "விரல்லயே சுத்துது மேடம்." கழற்றி, கீழே வந்து, அவள் உள்ளங்கையில் வைத்தார்.

நட்டுக்குள்ளே ஒரு வெள்ளை நைலான் வளையம் இருந்தது. போல்ட்டின் மரை அந்த நைலானைக் கீறிக்கொண்டு இறங்கும், நைலான் மரையை இறுகக் கவ்வும். நட்டு தானாகச் சுற்றாமல் இருப்பது அந்தக் கவ்வலால்தான். ஒரு முறைதான் அது நன்றாகக் கவ்வும். முதல் சில வாரம் இழுப்பைத் தாங்கிய இந்த வளையம் வழவழவென்று தேய்ந்திருந்தது. கால் சுற்று அரைச் சுற்றானதும், அரை முழுசானதும் ஏன் என்று இப்போது தெரிந்தது.

"இதே நட்டத்தான் ஒவ்வொரு தடவையும் கழட்டித் தொடச்சுப் போட்டீங்களாண்ணே?"

"துறையில புது நட்டு கேட்டா மூணு வாரம் ஆகும், இருக்கறத போடுங்கன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க."

அவள்தான் சொன்னாள். அரங்கை வாடகைக்கு விட்டதும் அவள்தான்.

நாத்தனார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். "உங்க பொண்ணு போன வாரம் எங்கிட்ட சொன்னா. அம்மா இதுல மட்டும் ஏற விடமாட்டேங்குறாங்கன்னு. நான் ஏதோ கண்டிப்புன்னு நெனச்சேன். அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"யார்கிட்டயும் சொல்லல."

"நல்லாருக்கு அண்ணி. ரொம்ப நல்லாருக்கு." நாத்தனார் போய்விட்டாள். ஸ்பானர் சொல்லிக் காரணம் தெரிந்து, பட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் அழுதுகொண்டிருந்தார்.

அன்று மாலையே அவள் பதிவேட்டைத் திறந்து, ஊஞ்சல் சட்டம் முழுவதும் மூடப்பட்டது என்று எழுதினாள். நட்டு கழல்வது மூன்று வாரமாகத் தனக்குத் தெரியும் என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டு, மண்டல அதிகாரிக்குப் போன் செய்தாள்.

"எழுதிட்டீங்களா? விளக்கக் கடிதம் கேட்பாங்க, தெரியுமில்ல?" என்றார் அவர்.

"தெரியும் சார்."

"இன்னியிலேர்ந்து பத்து நாள். அதுக்கப்புறம் என் கையில இல்ல."

"எட்டு நாள் போதும் சார். காரணம் தெரிஞ்சிடுச்சு."

வெள்ளிக்கிழமை காலை புல்தரையின் மறுகோடியில், ஊஞ்சலுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில், பட்டை கட்டும் கம்பங்களுக்காக இரண்டு குழி தோண்டினார்கள். ஒவ்வொன்றும் இடுப்பளவு ஆழம். டியூஷன் சென்டர் கொடுத்த அந்த மாத வாடகையில் இரண்டு தடித்த இரும்புக் குழாய் வாங்கி, குழிகளில் நிறுத்தி, கான்கிரீட் ஊற்றினார்கள். கான்கிரீட் மறுநாளே கல்லாகத் தெரியும், ஆனால் இழுப்பைத் தாங்க ஏழு நாள் வேண்டும். அந்த வாரம் வகுப்பில் ரப்பர் பட்டையை யாரும் எடுக்கவில்லை. எட்டு ஊஞ்சல் நட்டுகளையும் கழற்றி எறிந்துவிட்டு, அவள் கைக்காசு போட்டுக் கடையில் வாங்கிய எட்டுப் புது நட்டுகளை ஸ்பானர் முடுக்கினார்.

எட்டாம் நாள் ஊஞ்சலைத் திறந்தார்கள். ஆய்வுப் பதிவேட்டின் முதல் பக்கத்தில், அடுத்து வரும் மேலாளருக்கும் புரியும்படி, அவள் எழுதி வைத்தது இவ்வளவுதான்: ரப்பர் பட்டையைத் தனிக் கம்பத்தில் மட்டும் கட்டவேண்டும், விளையாட்டுச் சாதனம் எதிலும் எதையும் கட்டக்கூடாது. கழற்றிய நைலான் நட்டை மறுபடி போடக்கூடாது, ஒவ்வொரு முறையும் புதியது. நட்டின் கோடு இம்மி நகர்ந்தாலும் அன்றே மூடிவிட்டு, அதன் பிறகு காரணத்தைத் தேடவேண்டும்.