சந்தைக் கொட்டகையில் யாரும் சாவதில்லை

டோங்கா தீவின் நூக்குவாலோபாவில் இரண்டு சினிமாக் கொட்டகை எதற்கு என்று வெளியூர்க்காரன் கேட்டால் சிரிப்பார்கள். அக்காள் உட்கார்ந்திருக்கும் கொட்டகையில் தம்பி கால் வைக்க மாட்டான். திரையில் ஒருவன் ஒருத்தியின் கன்னத்தைத் தொட்டுவிட்டால், கூடப் பிறந்தவர்கள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? ஆகவே பாதி ஊர் கடற்கரைக் கொட்டகைக்கும், மீதி ஊர் சந்தைக் கொட்டகைக்கும் போனது. இரண்டுமே உலகப் போர் முடிந்து அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன தகரத்தில் எழும்பியவை.

படம் ஆங்கிலம் பேசும். கூட்டத்துக்குத் தெரிந்த ஆங்கிலத்தை ஒரு கடலைப் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்துவிடலாம். அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று டோங்கா மொழியில் கதை சொல்வார். கொட்டகைக்கு முதலே அந்தக் குரல்தான். என்ன படம் என்று யாரும் கேட்பதில்லை; யார் சொல்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள்.

கடற்கரைக் கொட்டகையில் சொன்னவன் கெபுவேலி. போலீஸ்காரனாகவும் பேசுவான், திருடனாகவும் பேசுவான், குதிரையாகவும் கனைப்பான். முத்தக்காட்சி வந்தால், “நாளைக்கு மழை வருமான்னு பேசிக்கிறாங்க” என்பான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். முன்பெஞ்சில் அவன் மனைவி பிசிலா, மகள் லெசியேலியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் எங்காவது தடுமாறினால் அடுத்த வார்த்தையை அவள்தான் எடுத்துக் கொடுப்பாள்.

ஐந்து வயது லெசியேலியை அந்த வருஷத்து அம்மை கொண்டுபோய்விட்டது. குழிமேல் வெள்ளை மணல் பரப்பி, கறுப்புக் கூழாங்கல் அடுக்கி மூடினார்கள். கெபுவேலி அழவில்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. ஆறாவது வாரம் கொட்டகைக்குத் திரும்பினான். பிசிலாவும் துக்கத்துக்கு இடுப்பில் கட்டும் கறுப்புப் பாயோடு வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அந்த வாரம் வந்தது ஒரு பனிப் படம். காட்டு வீட்டில் ஒரு பெண்குழந்தைக்குக் காய்ச்சல். அம்மா பக்கத்தில் இருக்க, அப்பன் மருந்துக்காகக் குதிரையில் பறக்கிறான். பனியைக் கெபுவேலி தேங்காய்த் துருவல் என்றான். “திங்கலாமாய்யா?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். கடைசியில், அப்பன் திரும்புவதற்குள், பக்கத்து வீட்டுக்காரி குழந்தையின் முகத்தைத் துணியால் மூடினாள். கெபுவேலி சொன்னான்: “செத்துட்டா.”

பிசிலா எழுந்து போய்விட்டாள். அவன் வீடு வந்தபோது துணியெல்லாம் கட்டியாகிவிட்டது.

“தூங்குறான்னு சொன்னா உன் நாக்கு அழுகிடுமா கெபு?”

“படத்துல செத்ததை நான் எப்படி...”

“யாருக்குத் தெரியும்? இந்த ஊர்ல எவனுக்குத் தெரியும்? அந்தக் குழந்தை உன் வாயிலதான்டா இருந்துச்சு!”

அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு வாரத்தில் பிசிலா சந்தைக் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் நின்றாள். அங்கே யாரும் சாவதில்லை. சுடப்பட்டவன் அசதியில் படுத்திருப்பான், பிறகு எழுந்து ஆக்லாந்துக்கு வேலைக்குப் போய்விடுவான். கப்பல் மூழ்கினால் அத்தனை பேரும் நீந்திக் கரை ஏறுவார்கள். புளுகு என்று கூட்டத்துக்கும் தெரியும், அதனால் என்ன? ஊரே அங்கே சாய்ந்தது. அக்காள்களும் தம்பிகளும் ஆளுக்கொரு கிழமை பிரித்துக்கொண்டு போனார்கள்.

கடற்கரைக் கொட்டகை முதலாளி மோவாலாவுக்கு வயிறு எரிந்தது. “அங்க சுட்டாலும் ஒருத்தன் சாக மாட்டேங்கிறான். நீ என்னடான்னா வாராவாரம் என் கொட்டகையை எழவு வீடாக்குற! ரெண்டு பேரைப் பொழைக்க வையேன்யா, உன் காசா போகுது?”

“எனக்குப் பொய் சொல்ல வராது.”

“பொண்டாட்டியும் வர மாட்டா, போ.”

அது சுருக்கென்று தைத்தது. அவள் வர வேண்டும். அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவளிடம் போய் நின்று என்ன சொல்வது? ஊருக்கெல்லாம் வார்த்தை கொடுத்தவனுக்குத் தனக்கென்று ஒன்று கிடைக்கவில்லை.

பனிப் படம் வவாவு, ஹாபாய் தீவுகளெல்லாம் சுற்றிவிட்டு, திரும்புகிற கப்பலில் வந்தது. இந்த முறை அதைச் சந்தைக் கொட்டகை எடுத்தது. சனிக்கிழமை மதியக் காட்சி. கெபுவேலி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் ஒடுங்கினான்.

தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே வெயில் புள்ளி புள்ளியாக விழுந்து, தலைகள் மேலும் தோள்கள் மேலும் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. யாரோ சுட்ட சீமைப்பலாக்காயைப் பிட்டுத் தின்ற வாசனை. அந்த இருட்டுக்குள் அவள் குரல் வந்தது. எத்தனை மாதமாயிற்று! அவன் கண்ணை மூடிக்கொண்டான். படம் எங்கேயோ தூரத்தில் ஓடியது. லெசியேலி அவள் மடியில் இருப்பது போலவும், தான் ஏதோ சொல்ல மறந்தது போலவும் இருந்தது.

“வெள்ளை மணல்,” என்றாள் பிசிலா. “வானத்துலேர்ந்து வெள்ளை மணல் கொட்டுது. மெதுவாத்தான் கொட்டுது. யாருக்கும் வலிக்கல.”

கெபுவேலி கண்ணைத் திறந்தான். இத்தனை மாதமும் அவள் தனியாக எங்கே நின்றுகொண்டிருந்தாள் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

திரையில் கட்டில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி குனிந்து துணியை இழுத்து மூடினாள். பிசிலா வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. மெஷின் மட்டும் கடகடவென்று ஓடியது.

“சொல்லு பிசிலா!”

“தூங்குதா? தூங்குதுன்னு சொல்லும்மா!”

அவள் நின்றது நின்றபடியே இருந்தாள். கெபுவேலி எழுந்தான். துண்டு நழுவி விழுந்தது.

“தூங்குறா,” என்றான் உரக்க. “காய்ச்சல் விட்டுடுச்சு. விடிஞ்சதும் எழுந்து, பசிக்குதும்மான்னு கேப்பா. யாரும் சத்தம் போடாதீங்க, குழந்தை தூங்கட்டும்.”

பிசிலா இருட்டுக்குள் பார்த்தாள். அவனைத் தெரிந்திருக்காது, குரலைத் தெரியாமல் இருக்குமா?

“இல்ல கெபு,” என்றாள். “செத்துட்டா.”

முதலில் ஒரு கிழவி ஓலமிட்டாள். அப்புறம் கொட்டகை முழுக்க அழுகை, அடக்கமாட்டாத அழுகை. அந்த அம்மை ஊரில் யார் வீட்டை விட்டுவைத்தது? கெபுவேலி பெஞ்சுகளுக்கு நடுவே, கால்களை மிதித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய முன்னால் நடந்தான். திரையின் மறு ஓரத்தில் போய் நின்றான். அவளுக்கும் அவனுக்கும் நடுவே மணல் கொட்டிக்கொண்டே இருந்தது.

திரையில் அப்பன் குதிரையை விட்டு இறங்கினான். கையில் மருந்துப் புட்டி. கதவைத் தட்டினான். அவன் உதடு அசைந்தது.

“நான் வந்துட்டேன்,” என்றான் கெபுவேலி. “தாமதமாயிடுச்சு.”

கதவு திறந்தது. வாசலில் அம்மாக்காரி நின்றாள். அவளும் ஏதோ சொன்னாள்.

பிசிலா திரையைப் பார்க்கவில்லை.

“உள்ள வா கெபு,” என்றாள். “வெளிய குளிருது.”