அக்ரிங் வின்சன்ற்

எங்கள் கொட்டாஞ்சேனையில் 'அக்ரிங்' என்ற சொல்லை எல்லாரும் வாயில் போட்டுத் திரிந்ததற்குக் காரணம் என் வின்சன்ற்தான். 1951இல் அவருடைய கந்தோரில் நாகேந்திரம் என்கிற தலைமைக் கிளாக்கர் மூன்று நாள் லீவில் போனார். அவர் வரும்வரை அந்தக் கதிரையைப் பார்த்துக்கொள்ள வின்சன்றை அக்ரிங்காக, அதாவது தற்காலிகமாக, போட்டார்கள். போன மனுசன் திரும்பவேயில்லை.

"என்னைக் கொன்ஃபேம் பண்ணி நிரந்தரமாக்கட்டும் ஐறீன், அடுத்த மாசமே கலியாணம்," என்றார் வின்சன்ற். நானும் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன், விசரி.

வருசம் போகப் போகச் சொல் தெருவெல்லாம் பரவியது. அறக்குளா கிடைக்காத நாளில் மீன்காரன் சாளையைத் தூக்கிக் காட்டி, "நோனா, இண்டைக்கு இதுதான் அக்ரிங்," என்பான். பொய்ப்பல் கட்டினவருக்கு அது அக்ரிங் பல்லு. தங்கச்சியின் பிள்ளைகளுக்கு வின்சன்ற் 'அக்ரிங் பெரியப்பா'. என்னை என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொன்னவருக்கு அடி விழுந்திருக்கும்.

1979இல் எனக்கு ஐம்பது வயது. பொறுமை போய்விட்டது.

"அந்த நாகேந்திரம் இப்ப எங்க?"

"வெள்ளவத்தையில. விலாசம் ஃபைல்ல இருக்கு."

"இருபத்தெட்டு வருசமா ஏன் போய்க் கேக்கல்ல?"

"லீவில இருக்கிற ஆளுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது, ஐறீன்."

என் மாதாவே!

நானே பஸ் ஏறிப் போனேன். நாகேந்திரம் விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்த இடத்தை வின்சன்றுக்கு விட்டுக்குடுங்க. ஒரு கையெழுத்துப் போதும்."

"நான் எப்பிடிப் பிள்ளை விடுறது? நானும் அக்ரிங்தானே. அது ஒரு வெள்ளைக்காரத் துரையின்ர இடம். நாப்பத்தெட்டில லீவெடுத்துக் கப்பலேறினவர். வரட்டும், கேப்பம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன். வின்சன்ற் வேலையை விடுகிறார் என்று கந்தோருக்கு எழுதி, கீழே 'ஐறீன், அக்ரிங் மனைவி' என்று ஒப்பமிட்டேன். ஒரே கிழமையில் பதில் வந்தது. ராஜினாமா ஏற்கப்பட்டதாம், ஒப்பத்தில் ஒரு குறையும் இல்லையாம்.

வின்சன்ற் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். நான் விடவில்லை. மூன்று ஞாயிறு மாதா கோயிலில் கலியாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள், நாலாம் கிழமை கலியாணம்.

பதிவுப் புத்தகத்தில் 'தொழில்' என்ற இடத்தில் அவர் பேனா நின்றுவிட்டது.

"என்னத்தை எழுத, ஐறீன்?"

"ஒண்டும் இல்லை எண்டு எழுதுங்க."

எழுதினார். இவ்வளவுதானா? இதற்கா என் தலை நரைத்தது? பளாரென்று ஒன்று வைக்கலாம் போலிருந்தது. ஆனால் அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.