நாமவும் நாங்கவும்

...நாம நல்லாயிட்டோம் என்கிறார் மீசை டாக்டர், என்னய்யா நாம, கத்தி விழுந்தது யார் மார்பில், முடி கொட்டியது யார் தலையில், உமக்குத்தான் மீசை முழுசாக இருக்கிறதே என்று நறுக்கென்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, பல்லைக் காட்டிக் கும்பிடு போட்டுவிட்டு வந்தாயிற்று, இப்போது காருக்குள் உட்கார்ந்து பொருமி என்ன பிரயோசனம். முன்னால் மகன் ஓட்டுகிறான், பக்கத்தில் மருமகள், பின் சீட்டில் மூட்டை மாதிரி இவள். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே தலை நரைத்தவள், படித்துப் போனவர்கள் எல்லாம் பிரேக்கம்மா என்று கூப்பிடுகிறவள், அவளுக்குப் பின் சீட்டு! மகனும் இவளிடம் கற்றவன்தான், இன்னமும் கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறான் பார், காலை எடுடா காலை எடுடா என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியாயிற்று, ஏறினால்தானே... சீட் பெல்ட் தழும்பில் உரசக்கூடாதென்று மருமகள் குட்டித் தலையணை தைத்துக் கொடுத்திருக்கிறாள், நல்ல பெண், அவள் மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடைக்காததே எரிச்சலாக இருக்கிறது.

புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து இந்த நாமதான். நாம ஜெயிச்சிடுவோம், நாம பயப்படக்கூடாது, அந்த நர்ஸ் பெண் ஒருபடி மேலே போய் நாம வெளிக்குப் போனோமா என்கிறாள், போடி இவளே, கூட வருகிறாயா என்ன? ஆனால் நியாயமாகப் பார்த்தால் இவளும் நாம போட்டவள்தானே... நாம இப்ப மெதுவா திரும்பறோம், நாம நடுங்கல, என்று கை உதறுகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே தன் பக்கம் வைத்த ரெண்டாவது பிரேக்கில் காலைத் தயாராக வைத்திருப்பாள். அவள் சொன்ன நாமவில் ஒரு கால் இருந்தது, இவர்கள் சொன்னதில் என்ன இருந்தது? ஒன்றே ஒன்று பிடித்திருந்தது. மூன்றாவது கீமோ ஊசி போட்டபோது காய்ச்சல் ஏறி, கண் திறக்க முடியாமல் கிடந்த வாரத்தில், மகன் காதருகே குனிந்து சொன்னான், நீ கற்றுக்கொடுக்கிற வண்டியைத் துடைத்து வைத்திருக்கிறேன், எழுந்து வா, நாம ஓட்டலாம் என்று. அதைத்தான் பிடித்துக்கொண்டாள், வாந்தி குடலைப் பிடுங்கும்போதெல்லாம் தேய்ந்து வழவழத்த அந்த ஸ்டியரிங்கை நினைத்துக்கொண்டாள், அந்த ரெக்ஸின் வாசனை, அந்த ரெண்டாவது பிரேக்... அடுத்த வாரமே புது ஆட்களைச் சேர்க்க வேண்டும், டாக்டர் என்ன சொன்னாலும் சரி.

ஷெட் பக்கம் திருப்பு, வண்டியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள். கண்ணாடியில் அவன் கண்ணைத் தேடினால் கண் நழுவுகிறது, மருமகள் பையின் ஜிப்பைத் திறக்கிறாள், மூடுகிறாள்.

"நாங்க பேசி முடிவு பண்ணி... வண்டிய வெலைக்குக் குடுத்துட்டோம்மா."

நாங்க. அடப்பாவி, இத்தனை மாதம் நாம நாம என்று உள்ளே வைத்திருந்துவிட்டு ஒரே வார்த்தையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டானே. யாரைக் கேட்டுக் கொடுத்தாய், யார் வண்டி அது, உன்னைப் படிக்கவைத்த வண்டிடா, உடம்பு எரிகிறது, தழும்பு தனியாக எரிகிறது. எப்போது என்று கேட்டாள். மூன்றாவது ஊசியின்போது என்றான். அதே வாரமா?

"ஓரமா நிறுத்துடா."

நிறுத்தினான்.

"தொடச்சு வச்சிருக்கேன்னு சொன்னியேடா."

அவன் திரும்பவில்லை, ஸ்டியரிங்கைப் பார்த்தே பேசினான். "டாக்டர் எங்களத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரும்மா. நீ பொழைக்க மாட்டேன்னுதான் நெனச்சோம்."

டாக்டருக்கும் தெரியும், நர்ஸுக்கும் தெரியும், இந்த இரண்டு பேருக்கும் தெரியும், தெரிந்தேதான் ஜெயிச்சிடுவோம் என்று சிரித்தார்களா... அப்படியானால் அந்த அறையில் நம்பியது இவள் ஒருத்திதான், அதுவும் எதனால் நம்பினாள், இவர்கள் சொன்னார்களே என்று நம்பினாள். பொய் சொன்ன வாயில் ஒன்று போடலாம் என்று எக்கினாள், அவன் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் கை பாதியில் நின்றுவிட்டது. அன்றைக்கே உண்மையைச் சொல்லித் தொலைத்திருந்தால், இன்றைக்கு இவனைத் திட்ட அவள் இருந்திருப்பாளோ மாட்டாளோ... யாருக்குத் தெரியும், இருந்தாலும் அது அவள் வண்டி, கேட்காமல் கொடுத்தது கொடுத்ததுதான்.