ஆல்டனின் மெல்லிய கோல்

லாரிக் கதவில் கோலை நசுக்காதீர்கள் என்று கேப் காட் கடற்கரை முழுக்க எச்சரித்துத் திரிந்த வார்ட், இறந்துபோன நண்பன் ஆல்டனின் தூண்டிற்கோலைத் தன் லாரிக் கதவிலேயே நசுக்கினார். ஒடிந்த துண்டுகளைக் கையோடு எடுத்துக்கொண்டு புதுக் கோல் வாங்கப் போனார்.

தூண்டில் கடையில் ஆல்டனின் மனைவி லோர்னா புதுக் கோல் ஒன்றை நீட்டினாள்.

"இதுவும் மெல்லிசுதான். பாஸ் மீன் மூச்சு விட்டாலே கைக்குத் தெரியும்."

"தடியா குடு."

"திமிங்கலமா பிடிக்கப் போறே?"

வார்ட் சிரிக்கவில்லை. ஆல்டனுக்கு மெல்லிய கோலைத் தேர்ந்து கொடுத்தவர் அவர்தான். மெல்லிய கோலில் மீன் களைக்க நேரமாகும். அதற்குள் கடல் ஏறி, ஆல்டன் நின்ற மணல்திட்டை மூடி அவனை மூழ்கடித்திருக்குமோ? கேட்டால் ஊரார் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். அவர் தண்ணீரில் இறங்கும்போதெல்லாம் பக்கத்தில் இன்னொருவர் நடக்கும் சலசலப்பு கேட்டது.

"லோர்னா, அந்தக் கோலாலதானே அவன் போனான்?"

"ஊரெல்லாம் கேட்டே, என்கிட்ட மட்டும் கேக்கல." ஒடிந்த கோலின் கைப்பிடிக்கு மேலிருந்த சின்ன வளையத்தை அவள் தொட்டாள். "இது கரையில காஞ்சு கிடந்துச்சு. கொக்கி இந்த வளையத்துல மாட்டியிருந்துச்சு. மீன் பிடிச்சு முடிச்சிட்டுத்தான் அப்படி மாட்டுவான். தண்ணியிலேருந்து அவனத் தூக்கினப்ப கையில தொப்பி இருந்துச்சு. பறந்துபோன தொப்பிய எடுக்கத் திரும்ப இறங்கியிருக்கான், முட்டாப் பய. நீ குடுத்த கோலால இல்ல, வார்ட்."