கம்பிக்கு முன்னால் ஒரு தகடு

கூடத்துக்கு மேலே பாதி உயரத்தில் ஒரு மரத்தளம். பழைய சாமான்களைப் போட்டுவைத்திருந்த பரண். அதைக் காலி செய்து தையல் மெஷினை அங்கே ஏற்றியவள் அந்த வீட்டு மருமகள். விளிம்பில் தடுப்பு இல்லை. நூல்கண்டு உருண்டால் நேரே கீழே சோபாவில்தான். வெல்டிங்காரரை வரவழைத்துத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினாள். நெட்டுக் கம்பிகள், இடையிடையே கை நுழையும் அளவு சந்து, மேலே பிடித்துக்கொள்ள வழவழப்பான மரக்கட்டை. ஜன்னல் வெளிச்சம் கம்பிகளுக்கு நடுவே வந்து மெஷின்மேல் விழ வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

தங்கையின் பிரசவத்துக்குப் போய்த் திரும்பியபோது தடுப்பு ஏறியிருந்தது. ஆனால் கம்பிகளுக்கு முன்னால் முழு நீளத்துக்கும் இரும்புத் தகடு. பட்டப்பகலில் விளக்கைப் போட்டால்தான் ஊசிக்கண் தெரிந்தது.

"யாரைக் கேட்டு இதை அடைச்சாங்க?"

கணவன் செய்தித்தாளை மடித்தான். "அக்காதான்... வர்றவங்க போறவங்க பார்த்தா நல்லாருக்காதுன்னு."

"என்ன நல்லாருக்காது? நான் திருடிட்டா இருக்கேன்?"

"துணி தைச்சுத்தான் பொழைக்கணுமான்னு நாலு பேர் கேப்பாங்களாம்."

அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. நாத்தனார் இருப்பது வேறு வீட்டில். அவள் சொன்னாளாம், இவன் தலையாட்டினானாம்.

"அந்த நாலு பேரும் இருட்டுல உக்காந்து தைச்சுக் குடுப்பாங்களா? உங்க அக்கா சொன்னப்போ உங்க வாய்க்குப் பூட்டா போட்டிருந்துச்சு?"

மறுநாள் வெல்டிங்காரர் வந்து தலையைச் சொறிந்தார். "சார் சொன்னாருன்னு வச்சேம்மா."

"மேல உக்காந்து தைக்கிறது சாரா அண்ணே? எடுத்துருங்க."

கட்டிங் மெஷின் அலறியது. பொறி பறந்தது. கழற்றிய தகட்டைச் சுவரோரம் சாய்த்த நேரம் பார்த்து நாத்தனார் வந்தாள். கூடவே, அவள் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா ஒருத்தர். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"மேல யாரு?"

"தைக்கிற பொண்ணு. கூலிக்கு வந்து போறா." நாத்தனார் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

வாசலோரம் நின்ற கணவன் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான். பரணிலிருந்த மருமகள் மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"கூலிக்குத்தாம்மா தைக்கிறேன், அதுல எனக்கு வெக்கமில்லை. ஆனா வந்து போறவ இல்லை. அதோ நிக்கிறாரே, அவர் பொண்டாட்டி. ஏன் அண்ணி, ஆள் அடையாளம் தெரியலையா?"

வந்த அம்மா சங்கடத்தில் சேலைத் தலைப்பைத் திருகினார். நாத்தனாரின் முகம் கறுத்தது.

"தம்பி, பார்த்துக்கிட்டே நிக்கிறியே!"

"அவ சொன்னது நெசந்தானேக்கா," என்று தரையைப் பார்த்து முனகினான்.

நாத்தனார் உட்காரக்கூடச் செய்யாமல் விருட்டென்று கிளம்பினாள்; அந்த அம்மாவும் பின்னாலேயே போனார். ஒரு முனகலுக்காகக் கணவனை மன்னித்துவிட இவளுக்கு மனம் வரவில்லை.

தகட்டை வெட்டிய இடங்களில் கம்பி சொரசொரவென்று நீட்டிக்கொண்டிருந்தது. கணவன் உப்புத்தாளோடு பரணுக்கு ஏறி வந்தான்.

"கையைக் கிழிச்சிடும், அதான்..."

"அழுத்தித் தேய்ங்க," என்றாள். அவன் பக்கம் திரும்பாமலே மெஷினை மிதித்தாள்.